பலகையின் மறுமுனை

விடிவதற்கு முன்பே கயிறு நனைந்திருக்கும். பனியும் உப்பும் ஊறிய அந்தக் கயிற்றைப் பிடித்துக் கப்பலின் மேல்தளத்திலிருந்து இறங்கும்போது உள்ளங்கை முதலில் குளிரும், பிறகு எரியும். கீழே பலகையில் காத்திருக்கும் அம்மா சுத்தியலால் இரும்பை ஒருமுறை தட்டுவாள். அதற்குப் பிறகுதான் நான் காலை ஊன்றுவேன். அடியில், தண்ணீரை வடித்துவிட்ட பெரிய தொட்டியின் தரை இருட்டாகக் கிடக்கும். எதிரே, மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கப்பலின் பக்கச்சுவர்.

எங்கள் வேலை துரு தட்டுவது. மேலே இருக்கும் செதில் எளிதில் பெயர்ந்துவிடும். அடியில் இருப்பது இரும்போடு ஒட்டிப் பிறந்ததுபோல அடம் பிடிக்கும். அதை விடாமல் தட்டினால்தான் உள்ளே இருக்கும் பளபளப்பு வெளியே வரும். வாயைச் சுற்றித் துணி கட்டியிருந்தாலும் மதியத்துக்குள் எச்சில் இரும்பாகக் கசக்கும். கப்பல் நெடுகப் பலகைகள் தொங்கும். எல்லாச் சுத்தியலும் சேர்ந்து இறங்கும்போது, பெரிய அண்டாவுக்குள் எங்களைப் போட்டு மூடி, வெளியிலிருந்து அடிப்பது போல இருக்கும். அதனால் எங்களில் மூத்தவர்கள் எல்லோருக்கும் காது மந்தம். எங்கள் வரிசை வீடுகளில் யாராவது ரகசியம் பேசினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அதிலும் அடுத்த பலகையில் இருக்கும் அக்கா மூச்சுவிடாமல் பேசுவாள். ரேடியோ அக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். அணைக்கிற பொத்தான் எங்கே இருக்கிறதென்று அவள் புருஷன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

ஒரு பலகைக்கு இரண்டு பேர். இரண்டு முனையிலும் கயிறு. எங்கள் முடிச்சு ஆள் கனம் இருக்கும்வரைதான் இறுகியிருக்கும், கனம் போனால் நழுவும். அதனால் எழுந்து போகிறவர் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். 'நான் போகிறேன்' என்று அர்த்தம். மறுமுனையில் இருப்பவர் நடுவுக்கு நகர்ந்து, இரண்டு கயிற்றையும் பிடித்துக்கொண்டு, ஒரு தட்டுத் தட்டுவார். 'பிடித்திருக்கிறேன்.' அந்த ஒரு தட்டு வராமல் யாரும் பலகையை விட்டு எழக்கூடாது. காது கேட்காவிட்டாலும் பரவாயில்லை. கப்பல் சுவரில் முட்டுக் கொடுத்திருக்கும் முழங்காலுக்குத் தட்டு வந்து சேர்ந்துவிடும்.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே பலகையில் இருந்தவர்கள். சித்தப்பாவுக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. மேலே யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒருநாள் தட்டாமல் எழுந்துவிட்டார். அப்பா தொட்டியின் தரையில்தான் போய் விழுந்தார். அதன்பிறகு சித்தப்பா பலகையில் ஏறவே இல்லை. கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டு, எல்லோரையும் விட்டுத் தள்ளி, உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்துவிட்டார். நடந்ததைப் பற்றி அம்மா அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. அப்பாவின் இடத்துக்கு அம்மா வந்தாள். சில வருஷம் கழித்து அவள் பலகையில் மறுமுனை காலியானபோது நான் எட்டாம் வகுப்பிலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் நான் வாய் திறக்காத பிள்ளை. நான் போனதை அங்கே யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இங்கே பேச வேண்டிய அவசியமே இல்லை.

முன்பெல்லாம் ஒரு கப்பல் வெளியே போகும்போதே அடுத்தது வாசலில் வந்து நிற்கும். இந்த வருஷம் அப்படி இல்லை. நாள்கூலி போய், தட்டிய அளவுக்குக் கூலி என்றானது. பிறகு அதையும் குறைத்தார்கள். ஆர்டர் வரவில்லை, நான் என்ன செய்வேன் என்று முதலாளி கையை விரித்தார். ஆனால் கிரேன் கூண்டிலிருந்து பார்த்த சித்தப்பா வேறு சொன்னார். கப்பல்கள் வருகின்றன. வாசலில் நின்று பேசுகின்றன. திரும்பிப் போகின்றன.

அப்படிப்பட்ட முதலாளி ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, நாளைக்கு எல்லோருக்கும் லீவு, சம்பளத்தோடு என்றார். எங்கள் காது மந்தம் என்பதால் மறுபடியும் சொல்லச் சொன்னோம். மறுபடியும் அதையே சொன்னார். முதலாளிக்கு ஜுரம் ஏதாவது இருக்குமோ, யாராவது நெற்றியைத் தொட்டுப் பாருங்கள் என்றாள் ரேடியோ அக்கா.

எங்கள் வாழ்நாளில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. போர்வைகளை எல்லாம் துவைத்துக் காயப்போட்டோம். அம்மா பட்டப்பகலில் படுத்துத் தூங்கினாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை என்பதால், மூச்சு வருகிறதா என்று இரண்டுமுறை குனிந்து பார்த்தேன். மதியம் கப்பல் பட்டறைக்குள் கார்கள் வந்தன. வெள்ளைத் தலைக்கவசம் போட்டவர்கள் இறங்கி, தொட்டியைச் சுற்றி நடந்து, படம் எடுத்தார்கள். கிரேனின் கையை முந்தின நாளே மடக்கிப் படுக்கவைக்கச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு அது வேடிக்கை. பட்டறையை ஒட்டிய எங்கள் வீடுகளின் தகரக் கூரைமேல் ஏறி நின்று பார்த்தோம். படம் எடுப்பவர்களைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினோம்.

நாங்கள் எதற்குக் கையாட்டினோம் என்பதை எங்களுக்குச் சொன்னவள் அத்தை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. நகரசபைக் கட்டடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. சபை கூடும் அறையில் ஒரு பெரிய மேஜை, அதன்மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் கடலோரத்தின் பொம்மை. கரை நெடுக விரல் விரலாக உயர்ந்த கோபுரங்கள். தொட்டி இருக்கும் இடத்தில் நீல வண்ணம் பூசிய குளம். அதில் காகிதப் படகு. 'நம்ம வீடு இருக்குற இடத்துல ஸ்பாஞ்சுல மரம் வெட்டி ஒட்டியிருக்காங்க. தினமும் அதுக்கு நான்தான் தூசி தட்டுறேன்' என்றாள் அத்தை.

துடைத்துக்கொண்டே அவள் கேட்டதை எல்லாம் சொன்னாள். கோபுரங்களைக் கட்டப்போவது ஒரு கம்பெனி, முதலாளியும் அதில் பங்கு. ஆனால் கரையை உயர்த்துவது, மண் கொட்டுவது, சாலை போடுவது எல்லாம் ஊர்ப் பணத்தில். போதாததற்கு வட்டியில்லாத கடன் வேறு. ஊர்ப் பணத்தை அப்படித் தூக்கிக் கொடுக்க ஒரு விதி இருக்கிறதாம். அந்த இடம் செத்த இடமாக இருக்க வேண்டும். தொழில் நின்றுபோன, யாருக்கும் பிழைப்புத் தராத இடமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்தப் படங்கள். ஆள் இல்லாத தொட்டி, கைமடக்கிய கிரேன், கைவிடப்பட்ட துருப்பிடித்த கப்பல். எங்களுக்கு எந்தத் துரு சோறாகத் தெரிந்ததோ, படத்தில் அதுவே பாழாகத் தெரிந்தது.

சபையில் பாதிப் பேர் கொடுக்கலாம் என்றார்கள். கோபுரம் வந்தால் ஊர் வளரும் என்பது அவர்கள் கட்சி. மீதிப் பேர் எதிர்த்தார்கள். ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகுகிறது, தெருக்களில் சாக்கடைக்குக் குழாய் இல்லை, அந்தப் பணத்தை எடுத்துப் பணக்காரன் ஜன்னலுக்குக் கடலைக் காட்டவேண்டுமா என்று கேட்டார்கள். மேஜையைத் தட்டிச் சண்டை நடந்ததாம். கடைசியில் கண்ணாடி போட்ட ஓர் உறுப்பினரம்மா எழுந்து, படத்தை நம்பிப் பணம் கொடுக்கமுடியாது, எல்லோரும் நேரில் போய்ப் பார்ப்போம் என்று முடித்துவைத்தாராம்.

சபைக்காரர்கள் வரும் நாளுக்கு முதலாளி மறுபடியும் லீவு விட்டார். இந்த முறை இரட்டைச் சம்பளம்.

அன்று சாயங்காலம் வரிசை வீடுகளுக்கு நடுவே இருக்கும் தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் கூடினோம். குடம் நிரம்பி வழிந்தும் யாரும் எடுக்கவில்லை. ஸ்டிரைக் செய்வோம் என்றார்கள் சிலர். அம்மா சிரித்தாள்.

'வேலையை நிறுத்துங்கன்னுதானே அவரும் கேக்குறாரு? காசு வேற தர்றேங்கிறாரு. அன்னைக்கு நாம வேலை செய்யணும். அதுதான் அவருக்கு ஆகாது.'

சம்பளத்தோடு லீவு விட்டால் எதிர்த்து வேலை செய்கிற பைத்தியங்கள் உலகத்திலேயே நாம் மட்டும்தான் என்றாள் ரேடியோ அக்கா. ஆனாலும் வருகிறேன் என்றாள். அவளோடு பலகையில் உட்காரும் பெண் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு வீட்டில் நோயாளி. இரட்டைச் சம்பளத்தை விட முடியாது. யாரும் அவளை ஏசவில்லை.

சித்தப்பா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். அம்மாவின் பக்கத்தில் வந்து, அவளுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லவேண்டியிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

'அண்ணி, இடிக்கப்போறது நிச்சயம். கட்டும்போது கிரேனுக்கு என்னை எடுத்துக்கிறேன்னு முதலாளி சொல்லியிருக்காரு. கீழ்மாடியில ஒரு அறையும் தர்றாராம். உங்களையும் பாப்பாவையும் நான் அங்க வச்சுக்கிறேன். வம்பு வேண்டாம்.'

அவர் மனசாரத்தான் சொன்னார். அது முகத்தில் தெரிந்தது. அம்மா குழாயை மூடினாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

'இறங்குறதுன்னா இறங்கு தம்பி. ஆனா தட்டிட்டு இறங்கு.'

இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான். சித்தப்பா தலையைக் குனிந்தபடி தன் அறைக்குப் போய்விட்டார்.

யாரோ சொல்லி மறுநாள் மாலையே முதலாளி வந்துவிட்டார். சேறு படாமல் இருக்கச் செங்கல்மேல் கால்வைத்து நின்றுகொண்டார். பட்டறை அவருடையது, நாங்கள் குடியிருக்கும் அறைகளும் அவருடையவை.

'ஏம்மா, லீவுன்னா லீவு. ரெட்டைச் சம்பளம் தர்றேன்ல? வீட்டுல காலை நீட்டி உக்காருங்களேன்.'

'வேலை செஞ்ச சம்பளம் போதும் முதலாளி. ஒத்தைச் சம்பளமே குடுங்க' என்றாள் அம்மா.

'ஊரு நல்லா வர்றதைக் கெடுக்காதீங்க. சபையே பணம் போடுது. கடலோரம் எப்படி மாறப்போகுதுன்னு தெரியுமா உங்களுக்கு?'

'தெரியும். எங்க வீட்டுமேல ஸ்பாஞ்சு மரம் வருது.'

அவர் முகம் ஒரு கணம் தடுமாறியது. பிறகு குரலை மாற்றினார். 'கேட் பூட்டியிருக்கும். எவன் உள்ள வந்தாலும் அத்துமீறல். போலீஸ்கிட்ட நீங்க பேசிக்கோங்க.'

கேட்டைப் பூட்டலாம். சுத்தியலைப் பூட்டமுடியாது. துருச் சுத்தியலின் பிடி அவரவர் கைக்குத் தேய்ந்து அடங்கியிருக்கும். இன்னொருவர் சுத்தியலைப் பிடித்தால் கை கொப்பளித்துவிடும். அதனால் அதை யாரும் பட்டறையில் விட்டுவிட்டு வருவதில்லை. இரவில் எங்கள் தலைமாட்டில்தான் அது படுத்திருக்கும்.

அந்த நாள் வந்தது. கிழக்கு வெளுப்பதற்குள் சுவரில் செங்கல் பெயர்ந்த ஓட்டை வழியாக உள்ளே போனோம். ரேடியோ அக்கா நடுவில் சிக்கிக்கொண்டு, போன வருஷக் கூலியின் உடம்பு இருந்திருந்தால் இந்த ஓட்டைக்குள் நுழைந்தே இருக்கமாட்டேன், முதலாளி எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறார் என்றாள். பலகைகளைக் கட்டாகக் கட்டி மேல்தளத்தில் போட்டிருந்தார்கள். பிரித்து, கயிறு கட்டி, நாங்களே தொங்கவிட்டோம். துணை இல்லாத ரேடியோ அக்கா தன் பலகையின் மறுமுனையில் மணல்மூட்டையைக் கட்டிக்கொண்டாள். இதுதான் எனக்கு வாய்த்த நல்ல துணை, குறுக்கே பேசாது என்றாள். கிரேன் கைமடக்கிக் கிடந்தது. கூண்டில் யாரும் இல்லை. அம்மா ஒருமுறை அண்ணாந்து அதைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

கார்களின் கதவுகள் சாத்தப்படும் வரைக்கும் காத்திருந்தோம். பிறகு தொடங்கினோம்.

எவ்வளவோ வருஷமாகத் தட்டுகிறோம். அன்று தட்டியதுபோல் தட்டியதில்லை. பயத்தில் என் முதல் அடி இரும்பில் படாமல் வழுக்கியது. இரண்டாவது பட்டது. அதன்பிறகு என் அடி எது, அம்மாவின் அடி எது, கடைசிப் பலகையின் அடி எது என்று பிரிக்கமுடியவில்லை. துரு மழையாகக் கொட்டியது. தொட்டியின் விளிம்பில் சபைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். முதலாளியின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அம்மா கையை உயர்த்தினாள். சுத்தியல்கள் நின்றன. அப்போதுதான் முதலாளி சொல்வது காதில் விழுந்தது.

'பழைய இரும்பு பொறுக்க வர்ற கும்பல்மா. பூட்டின இடம் பாருங்க, சுவரை உடைச்சுத் திருட வந்திருக்காங்க.'

அந்த நேரத்தில் எங்கள் தலைக்குமேல் ஏதோ முனகியது. இரும்பு சோம்பல் முறிப்பதுபோல ஒரு நீண்ட முனகல். கிரேனின் கை மெல்ல நிமிர்ந்தது. மடிப்பு விரிந்து, கொக்கி ஆடி, கூரைகளுக்கும் மதில்களுக்கும் மேலே, தெருவில் போகிறவனுக்கும் தெரியும்படி எழுந்து நின்றது. கண்ணாடிக் கூண்டுக்குள் சித்தப்பா.

'திருட வந்தவங்க கிரேனையும் கையோட கொண்டுவந்தோமா முதலாளி?' என்றாள் ரேடியோ அக்கா.

சபைக்காரர்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். கண்ணாடி போட்ட உறுப்பினரம்மா அம்மாவைப் பார்த்து இறங்கி வரும்படி கையசைத்தார். அம்மா என்னிடம் கேட்டாள், என்ன சொல்கிறார் என்று. சொன்னேன்.

'இப்ப நான் இறங்க முடியாது, கையில வேலை இருக்கு. பாக்கணும்னுதானே வந்திருக்காங்க, கிட்ட வந்து பாக்கச் சொல்லு' என்றாள் அம்மா. என்னைச் சொல்லச் சொன்னாளே தவிர, அவள் குரலே தொட்டி முழுக்கக் கேட்டது.

உறுப்பினரம்மா படிக்கட்டில் இறங்கித் தொட்டியின் தரைக்கு வந்தார். அவர் வெள்ளைத் தலைக்கவசத்தின் மேல் துரு உதிர்ந்தது. கைக்கு எட்டிய இடத்தில், சற்றுமுன் தட்டிச் சுத்தமான இரும்பை விரலால் தொட்டுப் பார்த்தார். அது புதுப்பாத்திரம்போல மின்னியது. தொட்ட விரலைப் பார்த்தபடியே, செத்த இடம் என்று எழுதியிருக்கிறதே, யார் எழுதியது என்று கேட்டார்.

'போன தடவை எடுத்த படமே இருக்குங்களே' என்றார் முதலாளி.

'அந்தப் படத்துல நாங்களும் இருக்கோம்மா. பின்னாடி கூரையைப் பாருங்க. ஈன்னு இளிச்சுக்கிட்டுக் கையை ஆட்டியிருப்போம்' என்றாள் ரேடியோ அக்கா.

உறுப்பினரம்மா பையிலிருந்து படத்தை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அம்மா மேலிருந்து பேசினாள்.

'ஊர்ப் பணத்தை ஊருக்குச் செலவு பண்ணுங்கம்மா, எங்களுக்குக்கூட வேண்டாம். எங்க இடம் செத்துப்போச்சுன்னு சொல்லி மட்டும் அந்தப் பணத்தை வாங்க விடாதீங்க. நாங்க சாகலை.'

சபைக்காரர்கள் போகும்போது தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். வாக்கெடுப்பைத் தள்ளிவைத்திருப்பதாகவும், மறுபடி விசாரிப்பதாகவும் உறுப்பினரம்மா சொல்லிவிட்டுப் போனார். கூட வந்த இன்னொருவர், தள்ளித்தான் வைத்திருக்கிறோம், தள்ளிவிடவில்லை என்று முதலாளியின் தோளைத் தட்டிக்கொடுத்ததையும் பார்த்தோம். எங்களுக்கு எதுவும் கிடைத்துவிடவில்லை.

கார்கள் போனபிறகு முதலாளி தொட்டியின் விளிம்புக்கு வந்தார். அவருக்குப் பின்னால் கேட்டருகில் போலீஸ் வண்டி நின்றது. முதலில் கிரேனைப் பார்த்துக் கத்தினார், கையை இறக்கு என்று. சித்தப்பா இறக்கவில்லை. கூண்டிலிருந்து வெளியே வந்து, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஏணியில் இறங்கினார். தரையைக் கடந்து கப்பலில் ஏறினார். மேல்தளத்தில் அவர் தலை தெரிந்தது. ரேடியோ அக்காவின் பலகைக்கு நேர்மேலே நின்று கயிற்றைப் பிடித்தார். ரேடியோ அக்கா அண்ணாந்து பார்த்தாள். அவள் வாயடைத்து நான் பார்த்தது அன்றுதான். நடுவுக்கு நகர்ந்து, மணல்மூட்டையை அவிழ்த்துத் தள்ளிவிட்டு, இரண்டு கயிற்றையும் பிடித்துக்கொண்டு, ஒரு தட்டுத் தட்டினாள். சித்தப்பா இறங்கி உட்கார்ந்தார்.

முதலாளி இப்போது கத்தவில்லை. நிதானமாகப் பேசினார்.

'போனது போகட்டும். யார் மேலயும் எனக்குக் கோபமில்லை. இப்ப முதல்ல இறங்கி வர்றவங்களுக்கு வீடு இருக்கும், வேலை இருக்கும். இறங்காதவங்க காலையில சாமானைத் தூக்கிக்கிட்டுப் போகலாம். ஒவ்வொருத்தரா இறங்குங்க.'

ஒருவரும் அசையவில்லை. காற்றில் கயிறுகள் கிரீச்சிட்டன. வரிசை வீடுகளில் எங்கள் அடுப்பு இருந்தது, பாய் இருந்தது, அப்பாவின் படம் இருந்தது. ஒவ்வொருவரும் அடுத்த பலகையைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தட்டு எங்கிருந்தாவது வந்துவிடுமோ என்று என் முழங்கால் காத்திருந்தது.

அம்மா என் பக்கம் திரும்பினாள். 'என்னடி சொல்றாரு?'

நான் சுத்தியலை எடுத்தேன். இரும்பை ஒருமுறை தட்டினேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் தட்டினாள், ஒருமுறை. எங்களுக்கு அப்பால் ஒரு பலகை தட்டியது. அதற்கு அப்பால் இன்னொன்று. கப்பலின் முன்முனை வரை போய், வளைந்து, கண்ணுக்குத் தெரியாத மறுபக்கத்திலும் ஒவ்வொன்றாகக் கேட்டது. ஆளுக்கு ஒரு தட்டு. ரேடியோ அக்கா தட்டினாள். கடைசியில் அவள் பலகையின் மறுமுனை மட்டும் பாக்கி இருந்தது.

சித்தப்பாவிடம் சுத்தியல் இல்லை. இடுப்பிலிருந்த ஸ்பேனரை எடுத்தார். அது இரும்பில் பட்டபோது சத்தம் வேறாக இருந்தது, கனமாக, கொஞ்சம் தாமதமாக.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கையைக் கப்பல் சுவரில் பதித்துவைத்திருந்தாள்.

'தம்பிதானே?' என்றாள்.

ஆமாம் என்று தலையசைத்தேன். அவள் வாய்த்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து துருவைத் தட்டத் தொடங்கினாள்.